பிரச்சினைகள்: இல்லை

கடைசியாக உங்கள் மென்டரிடம் எப்போது பேசினீர்கள்? கையெழுத்துப் போட்டதைக் கேட்கவில்லை. பேசியதைக் கேட்கிறேன்.

எங்கள் டிபார்ட்மென்ட்டில் மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய நோட்டு வகுப்புக்குள் வரும். ஒருவருக்கு ஒரு பக்கம். வருகை சதவீதம், இன்டர்னல் மார்க், அரியர் எத்தனை, அப்பா போன் நம்பர், கடைசியாக 'மாணவர் கூறும் பிரச்சினைகள்' என்று ஒரு கட்டம். இருபத்திரண்டு பேருக்குப் பத்து நிமிஷம், ஒரே பேனா. முதல் ஆள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவான். அடுத்தவன் அதைப் பார்த்து 'இல்லை'. அப்படியே இருபத்திரண்டு 'இல்லை'. முதல் வருடக் கடைசியில் எனக்கு எம்-1, பிசிக்ஸ் என்று இரண்டு அரியர் இருந்தது. அரியர் கட்டத்தில் 2 என்று எழுதியிருக்கிறது, அதற்கு நாலு விரல் கீழே என் கையெழுத்தில் 'பிரச்சினைகள்: இல்லை' என்றும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துத்தான் சார் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மூன்று பேப்பர் எடுக்கிறார், லேப் வேறு, அது போக ஃபைல் வேலை.

என் பக்கத்து சீட் நண்பனின் பக்கத்திலும் அதே 'இல்லை'தான். அவன் மயிலம் பக்கத்து ஊர். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். மூன்றாவது செமஸ்டர் பாதியில் பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டான். டிரைவர் அண்ணன் ஒரு வாரம் அந்த ஸ்டாப்பில் நிறுத்திப் பார்த்தார். அதற்கப்புறம் நிறுத்தவில்லை.

அவனுக்கு உதவி செய்ய எதுவுமே இல்லாமல் போய்விட்டதா என்று இந்தக் கட்டுரைக்காகத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்தது வேறு. எல்லாமே இருந்தது. அவனுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டோம். ஏன் போயிருக்க மாட்டோம் என்பதுதான் இங்கே எழுத வேண்டிய விஷயம்.

அந்த நோட்டு எங்கிருந்து வந்தது?

மென்டர் நோட்டு நம்ம காலேஜ் கண்டுபிடிப்பு இல்லை. கல்லூரிகளுக்கு கிரேடு போடும் நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவதன் பெயரே மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்கள் என்ற கேள்வியும் அதன் மதிப்பீட்டில் உண்டு. முதலாண்டு ஆரம்பத்தில் நடக்கும் இன்டக்ஷன் நாட்களும் இப்படித்தான். பொறியியலுக்கு வரும் பிள்ளைகள் வந்ததும் நேராக டிஃபரன்ஷியேஷனில் விழாமல், ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று ஏஐசிடிஇ மூன்று வாரம் ஒதுக்கச் சொன்னது. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒரு ஆசிரியரும் சில சீனியர்களும் அந்தக் குழுவோடு கடைசி வருடம் வரைக்கும் கூடவே வர வேண்டும் என்பது யோசனை. நம்மில் எத்தனை பேருக்கு அந்த மூன்று வாரம் கிடைத்தது என்று கேட்க மாட்டேன். எனக்கு மூன்று நாள் கிடைத்தது, அதில் ஒரு நாள் யோகா.

2025-ல் விஷயம் இன்னும் ஒரு படி மேலே போனது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பாக அவருடைய தந்தை நடத்திய வழக்கில், ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இதற்கென்று முறையான சட்டம் வரும்வரை பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர் எல்லாவற்றையும் இவை கட்டுப்படுத்தும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் நிறுவனம் தகுதியுள்ள கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். மார்க் அடிப்படையில் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிக்கக் கூடாது. எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தக் கூடாது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி கொடுக்க வேண்டும். உதவி எண்களை ஹாஸ்டல், வகுப்பறை, வெப்சைட் எல்லாவற்றிலும் கண்ணில் படும்படி போட வேண்டும். அதற்கு நாலு மாதம் முன்னால், மார்ச் 24 அன்று, உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவையும் இதே நீதிமன்றம் அமைத்திருந்தது. ஏன் இவ்வளவு அவசரம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில், அந்த ஒரு வருடத்தில் தற்கொலையால் இழந்த மாணவர்கள் 13,044 பேர். அந்த எண்ணுக்குள் வராமல், வெறுமனே பஸ் ஏறுவதை நிறுத்தியவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஆக, சட்டப்படி கதவு இருக்கிறது.

கதவு இருக்கும் இடம்

எங்கள் காலேஜில் கவுன்சிலிங் ரூம் இருக்கிறது. கவுன்சிலர் மேம் வாரத்தில் இரண்டு நாள் வருவார். ரொம்ப நல்லவர் என்று கேள்வி. கேள்விதான், நான் போனதில்லை. காரணம் அந்த ரூம் இருக்கும் இடம். பிரின்சிபல் ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம், ஃபீஸ் கவுன்டருக்குப் பக்கம். உள்ளே போகிறவரைக் குறைந்தது நாற்பது பேர் பார்ப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸில் 'என்னடா மச்சான், லூசாயிட்டியா' என்று ஒருத்தனாவது கேட்பான். அவன் விளையாட்டுக்குத்தான் கேட்பான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் போக மாட்டேன்.

இரண்டாவது பயம், உள்ளே சொன்னது வெளியே போகுமா என்பது. மேம் ஹெச்ஓடியிடம் சொல்வார், அவர் அப்பாவுக்கு போன் போடுவார் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் ஒன்று உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை தொடர்பான விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை நம் உரிமையாக்குகிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றவர்களை அது கட்டுப்படுத்தும். விதிவிலக்குகளும் உண்டு, முக்கியமானது உயிருக்கு ஆபத்து என்ற நிலை. ஆனால் காலேஜில் 'கவுன்சிலர்' என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் சைக்காலஜி படித்தவராகவும் இருக்கலாம், சமூகப் பணி படித்தவராகவும் இருக்கலாம், கூடுதல் பொறுப்பு கொடுக்கப்பட்ட இங்கிலீஷ் மேமாகவும் இருக்கலாம். அதனால் முதல் நாள் முதல் கேள்வியை நாமே கேட்டுவிடலாம்: "மேம், நான் சொல்றதை யார்கிட்ட சொல்வீங்க, எப்போ சொல்வீங்க?" இதைக் கேட்டால் நல்ல கவுன்சிலர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர்களே முதலில் சொல்ல வேண்டிய விஷயம்தான் அது.

மூன்றாவது காரணம் பயமே இல்லை, பஸ். சேதராப்பட்டு பக்கம் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாலரைக்கு காலேஜ் பஸ் எடுத்துவிடுவார்கள். விட்டால் பிப்டிக் எஸ்டேட் கம்பெனி ஆட்களோடு டவுன் பஸ்ஸில் தொங்கி, இடம் மாறி, வீட்டுக்குப் போக ஏழரை. புத்தகத்தில் எழுதியிருக்கும் எல்லா உதவியும் 'வகுப்பு முடிந்த பிறகு' நடக்கிறது. ரெமடியல் கிளாஸ், டவுட் செஷன், கவுன்சிலிங், லைப்ரரி எல்லாமே. நமக்கு வகுப்பு முடிந்த பிறகு என்று ஒரு நேரமே கிடையாது.

சரி, இந்த மூன்றும் இருக்கும் ஊரில் உதவி எப்படி இருக்க வேண்டும்? இதற்குப் பதில் தேடிப் போனபோது, கதை நான் எதிர்பார்க்காத ஒரு இடத்தில் போய் நின்றது. எழும்பூர்.

மெட்ராஸ் சிஸ்டம்

1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மெட்ராஸில், எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆனார். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்கள் புது முறை எதையும் ஏற்கவில்லை. ஒருநாள் வழியில் ஒரு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுகிறார்கள். நம்ம திண்ணைப் பள்ளி. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வாத்தியார் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் அங்கே சாதாரணம். பெல் அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார், மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையாக வளர்த்தார். ஊர் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்து முழுக்கப் பரவிய அந்த முறைக்கு அங்கே வைத்த பெயர் 'மெட்ராஸ் சிஸ்டம்'. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. திண்ணையில் பிரம்பும் இருந்தது, யார் திண்ணையில் ஏறலாம் யார் ஏறக்கூடாது என்ற சாதிக் கணக்கும் இருந்தது. ஆனால் 'ஒரு வருஷம் முன்னாடி இதே இடத்தில் முட்டிக்கொண்டவன் சொல்லிக்கொடுத்தால் புரியும்' என்ற எளிமையான விஷயம் நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை.

இது 1973-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம், கேன்சஸ் சிட்டி வளாகத்தில் வேறு உருவத்தில் வந்தது. டியன்னா மார்ட்டின் என்பவர் தொடங்கிய அந்த முறைக்கு சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று பெயர். அவர் செய்த ஒரு மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை உதவி என்றால் 'வீக் ஸ்டூடன்ட்' லிஸ்ட் எடுப்பார்கள். நம்ம ஊரிலும் அப்படித்தானே? 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று நோட்டீஸ் போர்டில் ரோல் நம்பரோடு ஒட்டுவார்கள், அந்த லிஸ்ட்டில் இருப்பவன் லீவு போட்டுவிடுவான். மார்ட்டின் லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டார். மாணவரில் யார் வீக் என்று பார்க்காமல், எந்தப் பேப்பர் ஆளைக் கவிழ்க்கிறது என்று பார்த்தார். நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் தேறாத, அல்லது பாதியில் விடுகிற பேப்பர் என்றால் அது கஷ்டமான பேப்பர். அந்தப் பேப்பர் எடுக்கும் எல்லோருக்கும், முதல் வாரத்திலிருந்தே, ஒரு சீனியர் கூடவே உட்கார்ந்து கிளாஸ் கேட்டு, வெளியே வாரத்துக்குச் சில முறை ஒரு செஷன் நடத்துவார். வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டாப்பரும் வருவார், அரியர் வைத்தவரும் வருவார். உள்ளே போகிறவரைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்க முடியாது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் வேறொரு கேள்வியோடு இருந்தார். கால்குலஸ் பேப்பரில் கறுப்பின மாணவர்கள் அதிகம் பேர் ஏன் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் ஏன் தேறுகிறார்கள்? ஆர்வம் இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் சப்போர்ட் இல்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இந்தப் பக்கம் 20 பேர், அந்தப் பக்கம் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் மாதக்கணக்கில் கவனித்தார். சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஒழுங்காகப் படித்தார்கள், வாரத்துக்கு எட்டு மணி நேரம், சொன்னபடி. ஆனால் தனியாக. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள், அதற்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்த்தார்கள், சாப்பாட்டு மேஜையில் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். தனியாகப் படித்தவனுக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால், அது தனக்கு மட்டும் வரவில்லையா அல்லது எல்லோருக்குமே வரவில்லையா என்று தெரியாது. தனக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடுவான்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எம்-1 வகுப்பில் ஐகன் வேல்யூ நடத்திய அந்த வாரம் எனக்கும் என் நண்பனுக்கும் ஒன்றும் புரியவில்லை. பக்கத்துப் பக்கத்து சீட். இரண்டு பேருமே தலையை ஆட்டினோம்.

ட்ரைஸ்மன் அடுத்துச் செய்தது ரெமடியல் கிளாஸ் இல்லை. 'நீங்க பின்தங்கியவங்க, வாங்க' என்று சொல்லாமல், கஷ்டமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போட வைக்கும் ஒரு வொர்க்ஷாப் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

படிப்பு உதவி ஒரு ரூம், மனநல உதவி இன்னொரு ரூம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவனுக்கு அந்தப் பிரிவே கிடையாது. அரியர் வந்ததால் தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் கிளாஸ் போகிறது, அட்டென்டன்ஸ் 75-க்குக் கீழே இறங்குகிறது, ஃபைன் வருகிறது, வீட்டில் சொல்ல முடியவில்லை. இந்தச் சங்கிலியில் எங்கே கை வைத்தாலும் கொஞ்சம் தளரும். 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்லி ஒரு கதவைத் தட்டுவதற்கு ரொம்ப தைரியம் வேண்டும். 'இந்த ரெண்டாவது ஸ்டெப் எப்படி வந்துச்சுண்ணா?' என்று கேட்பதற்கு அவ்வளவு தைரியம் வேண்டாம். முதல் கதவு இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய சான்றும் இருக்கிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு 'சிநேகா'. பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போய்விடும் என்ற நிலை இருந்த காலத்தில், ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர்களும் உண்டு. அந்தத் துணைத் தேர்வு வந்தது. நம்மில் சிலர் அதை எழுதித்தான் இங்கே வந்திருக்கிறோம். ஒரு எக்ஸாம் டைம்டேபிளை மாற்றியதும் மனநலச் சேவைதான்.

கடைசி சீட்

இதையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் கடைசி சீட்டைப் பிடித்தோம். நான், என் கிளாஸ் அக்கா ஒருத்தி (வயதில் மூத்தவள், டிப்ளமோ முடித்து லேட்டரலில் வந்தவள்), முதல் வருடத் தம்பி தங்கைகள் ஐந்து பேர். புதனும் வெள்ளியும். ஒரு நாளைக்கு மூன்று கணக்கு. பஸ் குலுங்குவதால் எழுத வராது, அதனால் வாயால்தான். இது நல்லதாகவே போனது. 'அடுத்து என்ன பண்ணுவ?' என்று கேட்டால் மனப்பாடம் செய்தவன் மாட்டிக்கொள்வான், புரிந்தவன் மாட்ட மாட்டான்.

எல்லோரும் பாஸ் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ஒரு தம்பிக்கு எம்-1 போய்விட்டது. ஆனால் போனதை அவன் எங்களிடம் சொன்னான், அன்றைக்கே, பஸ்ஸில், எல்லோர் முன்னாலும். போன வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. வகுப்பில் புரியாதது கணக்கா இங்கிலீஷா என்று முதலில் பிரித்துப் பாருங்கள், பாதி நேரம் இங்கிலீஷாகத்தான் இருக்கும். என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஏஐசிடிஇ தன் இ-கும்ப் தளத்தில் முதல், இரண்டாம் ஆண்டு பொறியியல் புத்தகங்களைத் தமிழிலும் இலவசமாகப் போட்டிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் நடத்த ஆரம்பித்தது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் எழுதுவது கேவலமில்லை. நான் இன்னமும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, எத்தனை முறை படித்தாலும் வரி நழுவுவது போன்ற டிஸ்லெக்ஸியா வகைச் சிக்கல்கள் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சேர்ந்தவை. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் பெற்ற, தகுதியுள்ள மாணவருக்கு, தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. 'சோம்பேறி' என்று பன்னிரண்டு வருடம் பெயர் வாங்கியவர் யாராவது இதைப் படித்தால் ஒருமுறை யோசியுங்கள்.

பணமும் ஷிப்டும்

என் நண்பன் நின்றதற்கு அரியர் மட்டும் காரணமில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. இங்கேயே ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பேக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தான். ராத்திரி வேலை, காலையில் கிளாஸில் தூக்கம், அட்டென்டன்ஸ் அடி வாங்கியது.

ஃபீஸ் கட்ட முடியாத நிலை வந்தால் முதலில் யாரிடம் சொல்வது? ஹெச்ஓடியிடம் இல்லை, ஆபீஸில் ஸ்காலர்ஷிப் ஃபைல் பார்ப்பவரிடம். சென்டாக் வழியாகச் சேர்ந்த புதுச்சேரி மாணவர்களுக்குக் காமராஜர் பெயரிலான கல்வி நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஏஐசிடிஇயின் பிரகதி, சக்ஷம், ஸ்வநாத் என்று மூன்று உண்டு. பிரகதி பெண்களுக்கு, வருடம் ரூ.50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. சக்ஷம் மாற்றுத்திறனாளிகளுக்கு. ஸ்வநாத் முக்கியமாகப் பெற்றோரை இழந்தவர்களுக்கு. எல்லாவற்றிலும் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லோரையும் கவிழ்ப்பது. தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழ் வாங்கவே நாள் ஆகும். நம்ம பகுதியில் கூடுதல் தலைவலி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். வீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சான்றிதழ். ஆகஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

காலேஜ் மேலேயே குறை என்றால், யுஜிசியின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், மாணவர் பிரதிநிதியும் அதில் உட்கார வேண்டும். 15 வேலை நாளுக்குள் பதில். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம் போகலாம். ராகிங் என்றால் காத்திருக்க வேண்டாம், 1800-180-5522, 24 மணி நேரமும்.

ராத்திரி நேரத்துக்கு

பஸ்ஸில் கணக்குப் போடுவதால் தீராத விஷயங்களும் உண்டு. ஒரு நண்பன் 'இனிமே நான் இருந்து என்ன' என்கிற மாதிரி பேசினால், தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தால், திடீரென்று எல்லா குரூப்பிலிருந்தும் வெளியேறினால், நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்ததாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்காது, சொல்லிவிட ஒரு வழி கொடுக்கும் என்பதுதான். அட்வைஸ் வேண்டாம், 'உனக்கு என்னடா குறை' வேண்டவே வேண்டாம். கூடவே இருங்கள், தனியாக விடாதீர்கள், பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 'யார்கிட்டயும் சொல்லாத' என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். இந்த ஒரு சத்தியத்தை மீறலாம்.

போன் நம்பர் 14416. டெலி-மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். முதலில் ஒரு பதிவுக் குரல் மொழியைக் கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ வழி காட்டுவார்கள். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவைக்கும் இதே நம்பர்தான், அதனால் டவர் எந்தப் பக்கம் காட்டினாலும் கவலையில்லை. உடனடி ஆபத்து என்றால் 112.

நேரில் போவதென்றால் கோரிமேட்டில் ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது என்பதெல்லாம் ஜிகே. நமக்கு வேண்டியது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி இருக்கிறது, கூட்டத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. பிரின்சிபல் ஆபீஸ் எதிரில் இருக்கும் ரூமை விட எனக்கு அது ரொம்ப வசதியாகத் தோன்றுகிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவார்கள். 2017 சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவே கிடையாது.

என் நண்பனுக்கு இந்த நம்பர்கள் தேவைப்படவில்லை, நல்லவேளை. சாயங்காலம் எங்கள் பஸ் எஸ்டேட் பக்கம் திரும்பும்போது சில நாள் கம்பெனி வேனுக்காக நிற்பான். கை காட்டுவான். போன மாதம் அவனுக்கு போன் போட்டு, படித்த மூன்று செமஸ்டரும் வீணில்லை என்று சொன்னேன். அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று ஒன்று 2021-லிருந்து இருக்கிறது, அதில் ஏறிய கிரெடிட்டை ஏழு வருடம் வரைக்கும் வைத்திருக்கலாம். நம் காலேஜில் அது ஏறியிருக்கிறதா, இடைநின்றவர் மறுபடி சேர என்ன பேப்பர் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டேன். 'யாருக்குப்பா, உனக்கா?' என்றார் கிளர்க். இல்லை, ஒரு ஃப்ரெண்டுக்கு என்றேன். அவர் ஒரு ஃபாரம் எடுத்துக் கொடுத்தார், அது இப்போது என் பையில் இருக்கிறது. மென்டர் சாரிடமும் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து அவன் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவன் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வீக் ஆஃப். மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான்.